சாகாத எஞ்சின்: ஹெய்ல் ஊரின் ஹார்வி வார்ப்படச்சாலை



வார்ப்படத் தொழிலில் வாழ்ந்த ஒருவர் நினைவாக நடக்கும் சொற்பொழிவு இது. அதனால் ஒரு வார்ப்படச்சாலையின் கதையையே எடுத்துக்கொண்டேன். வாட், ஸ்டீவன்சன் கதைகளைப் பாடநூலிலேயே படித்திருப்பீர்கள். நான் சொல்லப்போவது ஒரு கொல்லன் தொடங்கிய பட்டறையைப் பற்றி. சுற்றியிருந்த சுரங்கங்களுக்குப் பம்பு செய்து வளர்ந்தது, பிறகு கப்பலும் கட்டியது, கடைசியில் தன் சரக்கு நன்றாக இருந்ததாலேயே நொடித்தது. ‘நன்றாக இருந்ததாலேயே’ என்றதை உபசாரப் பேச்சாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது கணக்கு. அந்தக் கணக்கைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

இடம் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலை, கார்ன்வால். அங்கே வடகரையில் ஹெய்ல் என்று ஒரு சிற்றூர். கழிமுகம், மணல்மேடு, ஓதம் வந்தால் தண்ணீர், வற்றினால் சேறு. துறைமுகம் வைக்கத் தோதான இடமென்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் உள்நாட்டில் சில மைல் தூரத்திலேயே செம்பும் வெள்ளீயமும் தோண்டும் சுரங்கங்கள். கார்ன்வாலில் தாது உண்டு, நிலக்கரி இல்லை. கடலுக்கு அப்பால் தென் வேல்ஸில் நிலக்கரி உண்டு. செம்புத் தாது கப்பலேறி ஸ்வான்ஸீ போனது, அதே கப்பலில் நிலக்கரி திரும்பி வந்தது. ஹெய்லின் பிழைப்பு முழுக்க இந்த ஒரு போக்குவரத்தில் இருந்தது.

ஜான் ஹார்வி பக்கத்துக் கிராமமொன்றின் கொல்லர். 1779இல் ஹெய்லில் ஒரு வார்ப்படச்சாலை போட்டார். சுரங்கத்துக்கு வேண்டிய குழாய், பம்பு உறுப்புகள், பழுது வேலை என்று தொடக்கம். சுரங்கம் ஆழமாக ஆழமாக ஊற்றுநீர் பெருகும். நீரை இறைத்தால்தான் அடுத்த அடி தோண்ட முடியும். ஆகவே கார்ன்வாலில் சுரங்கம் நடத்துவது என்றால் பாதிக்குமேல் தண்ணீர் இறைப்பதுதான். கொல்லர் சரியான இடத்தில் கடை போட்டிருந்தார்.

அந்தக் காலத்தில் எஞ்சின் என்றால் பர்மிங்ஹாமின் போல்ட்டன்–வாட் கம்பெனி. அவர்கள் விற்ற விதம் வேடிக்கையானது. பழைய நியூகொமென் எஞ்சினைவிட நம் எஞ்சின் எவ்வளவு நிலக்கரி மிச்சம் பிடிக்கிறதோ, அதில் மூன்றில் ஒரு பங்கின் மதிப்பை எங்களுக்குக் கட்டுங்கள் என்றார்கள். நியாயம்தான். ஆனால் ஆண்டுதோறும் கட்டவேண்டிய கப்பம் அது, காப்புரிமை வேறு வாட்டின் கையில். கார்ன்வால்காரர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினார்கள், சிலர் கட்டாமல் வழக்காடினார்கள். 1800இல் காப்புரிமை முடிந்தது. ஹார்வியின் உண்மையான வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அதற்குள் குடும்பத்தில் ஒரு மாப்பிள்ளை வந்துவிட்டார். 1797இல் ஜான் ஹார்வியின் மகள் ஜேனை மணந்தவர் ரிச்சர்ட் ட்ரெவிதிக். அழுத்தம் கூடிய நீராவியைக் கண்டு வாட்டே அஞ்சிய நாளில், அதைத் துணிந்து கையாண்ட ஆள். 1801 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காம்போர்ன் மேட்டில் நீராவி வண்டியை ஓட்டிக் காட்டினார். 1804இல் வேல்ஸின் பெனிடாரனில் தண்டவாளத்தின்மேல் ஓட்டினார். காம்போர்னில் ஓடிய முதல் வண்டிக்கான வார்ப்புகளில் சில மாமனார் பட்டறையிலேயே வார்க்கப்பட்டவை.

மாப்பிள்ளையின் மூளையை ஊர் போற்றுகிறது, சிலையும் வைத்திருக்கிறது. என் மதிப்பு ஜேனுக்கும் அவர் தம்பி ஹென்றிக்கும்தான். 1816இல் ட்ரெவிதிக் பெருவின் வெள்ளிச் சுரங்கங்களுக்கு எஞ்சின் நிறுவக் கப்பலேறினார். பிள்ளைகுட்டிகளோடு மனைவியை விட்டுவிட்டுப் போனவர் பதினோரு ஆண்டு கழித்து, 1827இல் வெறுங்கையோடு திரும்பினார். கொலம்பியாவின் கார்ட்டஹேனா துறைமுகத்தில் தற்செயலாகச் சந்தித்த பொறியாளர் ராபர்ட் ஸ்டீவன்சன் 50 பவுன் கொடுத்ததால்தான் ஊர் வந்து சேர்ந்தார் என்பது பதிவான செய்தி. இடையில் குடும்பத்தைத் தாங்கியவர் ஹென்றி. ஹெய்லில் ‘ஒயிட் ஹார்ட்’ என்ற விடுதியைக் கட்டி அக்காளிடம் ஒப்படைத்தார். ஜேன் அதை நடத்திப் பிழைத்தார். கணவர் 1833இல் கடனாளியாக இறந்தார். ஜேன் 1868 வரை, தொண்ணூறு வயதைக் கடந்தும் வாழ்ந்தார். அவர் கண்முன்னேயே தந்தையின் கொல்லுப்பட்டறை ஒரு நகரமாகிவிட்டிருந்தது.

ஹென்றி ஹார்வி திருமணம் செய்துகொள்ளவில்லை. தொழில்தான் அவருக்கு எல்லாம். கயிற்றுச்சாலை வைத்தார், மாவு ஆலை வைத்தார், பண்ணை வைத்தார், மரமும் நிலக்கரியும் ஏற்றிவரச் சொந்தக் கப்பல்கள் வைத்தார். ஊரின் பாதிக்கு இன்றும் ‘ஃபவுண்டரி’ என்றே பெயர். மறு பாதிக்குப் பெயர் ‘காப்பர்ஹவுஸ்’, அதாவது எதிராளி வீடு.

இந்தப் பகையைச் சொல்லாமல் போனால் கதை குறைந்துபோகும். ஹார்விக்கு முன்பே ஹெய்லில் செம்பு உருக்கிய ஒரு கம்பெனி இருந்தது. உருக்குவது கட்டுப்படியாகாமல் போனபின் அவர்களும் வார்ப்படத்துக்கு வந்தார்கள். சாண்டிஸ், கார்ன், விவியன் என்ற கூட்டுப் பெயரில் எஞ்சின் செய்தார்கள். ஒரே கழிமுகம், ஒரே கால்வாய், ஒரே வாடிக்கையாளர்கள். துறையில் யார் படகு எங்கே நிற்பது, பாதை யாருடையது, ஓடைத் தண்ணீர் யாருக்கு என்று தலைமுறைக் கணக்கில் வழக்கு நடந்தது. கைகலப்பும் உண்டு. செம்பு உருக்கிய கசடை அச்சில் ஊற்றிக் கறுப்புக் கற்களாக்கி, காப்பர்ஹவுஸ்காரர்கள் வீடும் மதிலும் பாலமும் கட்டினார்கள். அந்தக் கறுப்புச் சுவர்களை இன்றும் பார்க்கலாம். எது யார் எல்லை என்று கல்லின் நிறத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

பகையிலும் இருவரும் ஒரே அறிவோடு செய்த வேலை ஒன்று உண்டு. மணல் சேர்ந்து வாய் அடைபடும் துறைமுகத்தை எப்படித் தூர்வாருவது? ஓதம் ஏறும்போது தண்ணீரை ஒரு பெரிய குளத்தில் பிடித்து மதகை அடைத்துவிடுவார்கள். கடல் வற்றியதும் மதகைத் திறப்பார்கள். பாய்ந்து ஓடும் வெள்ளம் கால்வாய் மணலை அரித்துக் கடலில் தள்ளும். காப்பர்ஹவுஸுக்கு ஒரு குளம், 1830களில் ஹென்றி வெட்டிய கார்ன்ஸு குளம் ஹார்விக்கு. எரிபொருள் செலவே இல்லாத தூர்வாரி. இரு குளங்களும் இன்னும் இருக்கின்றன.

இனி எஞ்சினுக்கு வருவோம். கார்னிஷ் எஞ்சின் என்று பெயர் பெற்ற இதை நம் ஏற்றத்தை மனதில் வைத்துப் பார்த்தால் எளிதில் பிடிபடும். சுவரின்மேல் ஒரு பெரிய இரும்புத் துலா. ஒரு முனை கட்டடத்துக்குள், மறுமுனை வெளியே குழியின்மேல். ஏற்றத்தில் துலாமேல் நடக்கும் ஆள் செய்த வேலையை உள்ளே சிலிண்டரில் நீராவி செய்கிறது. நீராவி பிஸ்டனை மேலிருந்து அழுத்தும், உள்முனை இறங்கும், வெளிமுனை பல நூறு அடி நீளமுள்ள கனத்த மரத்தண்டைத் தூக்கும். பிறகு நீராவியை விட்டுவிட்டால் தண்டு தன் கனத்தாலேயே இறங்கும். அப்படி இறங்கும் கனம்தான் பம்பின் உலக்கையை அழுத்தித் தண்ணீரை மேலே தள்ளுகிறது.

சூட்சுமம் நீராவியைச் செலவிடும் முறையில் இருந்தது. பிஸ்டன் முழுத் தூரம் போகும்வரை நீராவியை விட்டுக்கொண்டிருக்காமல், கொஞ்ச தூரத்திலேயே வால்வை மூடிவிடுவார்கள். அடைபட்ட நீராவி தானே விரிந்து மீதித் தூரத்தைத் தள்ளும். நீராவியின் அழுத்தம் கூடக் கூட இதில் ஆதாயம் அதிகம். ட்ரெவிதிக் துணிந்து காட்டியதும், ஹார்வி பட்டறையில் சில ஆண்டு மேற்பார்வையாளராக இருந்த ஆர்தர் உல்ஃப் போன்றவர்கள் நுணுக்கியதும் இதைத்தான்.

எஞ்சின் எவ்வளவு சிக்கனம் என்பதை அளக்க அவர்கள் வைத்திருந்த கணக்கு எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு புஷல் நிலக்கரிக்கு எத்தனை பவுண்டு தண்ணீரை ஓரடி உயர்த்துகிறது? அதுதான் ‘டியூட்டி’. 1811 முதல் ஜோயல் லீன் என்பவர் மாதந்தோறும், கணக்குக் கொடுத்த ஒவ்வொரு சுரங்கத்தின் எஞ்சினையும், பொறுப்பாளர் பெயரோடு, இந்தக் கணக்கோடு அச்சிட்டு வெளியிட்டார். மாணவர்களே, யோசித்துப் பாருங்கள்: உங்கள் மதிப்பெண் மாதாமாதம் நாடு முழுவதும் அச்சாகி வந்தால் எப்படி இருக்கும்! தொடங்கியபோது சராசரி ஒரு கோடியே எழுபது லட்சம். 1840களில் சராசரியே ஆறு கோடியைத் தாண்டிவிட்டது. 1835இல் ஃபோயி கன்சால்ஸ் சுரங்கத்தில் ஒரு எஞ்சின் சோதனை ஓட்டத்தில் பன்னிரண்டரைக் கோடியைத் தொட்டது. இந்த வளர்ச்சிக்குக் காப்புரிமைச் சட்டம் காரணமில்லை. கணக்கை மறைக்காமல் பொதுவில் வைத்ததுதான் காரணம் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஹார்வியின் பேர் நாடு கடந்தது ஹாலந்தில். ஆம்ஸ்டர்டாமுக்கும் லெய்டனுக்கும் இடையே ஹார்லெமர்மேர் என்ற பேரேரி. புயலடித்தால் ஊரைத் தின்னும். 1836இல் இரண்டு முறை வெள்ளம் அந்த நகரங்களின் வாசல்வரை வந்தது. இருநூறு ஆண்டுக்கு முன்பே லேக்வாட்டர் என்ற பொறியாளர் 160 காற்றாலை வைத்து ஏரியை இறைத்துவிடலாம் என்று எழுதியிருந்தார். இப்போது டச்சு அரசு மூன்று நீராவி எஞ்சின் போதும் என்று முடிவெடுத்தது. முதலாவதுக்கு அந்த லேக்வாட்டரின் பெயர், மற்ற இரண்டுக்கு க்ருக்கியுஸ், லைன்டன் என்ற பெயர்கள்.

க்ருக்கியுஸ் ஹார்வியின் படைப்பு. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சிலிண்டர். உள்ளே 84 அங்குலம், வெளியே 144 அங்குலம். பன்னிரண்டு அடி விட்டம்! இதைவிடப் பெரிய நீராவி சிலிண்டர் கொண்ட எஞ்சின் இன்றுவரை செய்யப்படவில்லை என்று சொல்கிறார்கள். ஃபவுண்டரிக்காரர்களுக்கு இதன் அருமை தெரியும். இத்தனை பெரிய சிலிண்டருக்கு மரத்தில் பேட்டர்ன் செய்து மணலில் பதிக்க முடியாது. குழியில் செங்கல் அடுக்கி, குதிரைச் சாணம் கலந்து குழைத்த களிமண்ணைப் பூசி, நடுவில் நட்ட தண்டைச் சுற்றிப் பலகையைச் சுழற்றி வழித்து உருவம் எடுக்கவேண்டும். காயவைத்துச் சுடவேண்டும். பிறகு பல உலைகளின் இரும்பு ஒரே நேரத்தில் தயாராகி, இடைவிடாமல் ஊற்றப்படவேண்டும். எங்காவது காற்று அடைபட்டால் மாதக்கணக்கான வேலை பாழ். ஊற்றி ஆறியபின் உட்புறத்தைக் கடைந்து சீராக்கவேண்டும். இவ்வளவையும் செய்து கப்பலேற்றினார்கள்.

எட்டுத் துலாக்கள் கட்டடத்தைச் சுற்றிலும் நீட்டிக்கொண்டிருக்க, எட்டுப் பம்புகள் ஒருசேர இறைத்தன. 1849இல் மூன்று எஞ்சின்களும் சேர்ந்து முழுவீச்சில் இயங்கின. 1852இல் ஏரி வற்றியது. சுமார் 18,000 ஹெக்டேர் நிலம் மேலே வந்தது. ஸ்கிபோல் விமான நிலையத்தில் இறங்கியவர் யாராவது இங்கே இருந்தால், அவர் கால் வைத்தது அந்த ஏரியின் தரையில்தான். க்ருக்கியுஸ் 1933 வரை வேலை பார்த்தது, இப்போது அருங்காட்சியகம். ஹென்றி ஹார்வி 1850இலேயே இறந்துவிட்டார்.

1933 என்றேன். 1849இல் ஓடத் தொடங்கியது எண்பத்து நாலு ஆண்டு உழைத்திருக்கிறது. கணக்கு இங்கேதான் ஆரம்பிக்கிறது.

கார்னிஷ் எஞ்சின் மெதுவானது. நிமிடத்துக்கு ஐந்து முதல் பத்து முறை ஏறி இறங்கினால் அதிகம். தேய்மானம் குறைவு. இன்னொன்று, அதற்கு இரும்புச் சட்டம் கிடையாது. துலாவைத் தாங்குவது கட்டடச் சுவர். கருங்கல் வீடுதான் எஞ்சினின் உடம்பு. ஒரு சுரங்கம் மூடினால் வீட்டை விட்டுவிட்டு இரும்பை மட்டும் கழற்றி விற்கலாம். வாங்குகிறவர் தன் குழியருகே ஒரு கல்வீடு கட்டி அதே இரும்பைப் பூட்டிக்கொள்ளலாம். கார்ன்வால் முழுக்கக் கூரையில்லாமல் நிற்கும் எஞ்சின் வீடுகளை நீங்கள் படங்களில் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல, இரும்பு வேறிடம் போய்விட்டதால் காலியான வீடுகள்.

இதை முதலில் லாபமாக்கியதும் ஹார்விதான். லண்டன் குடிநீருக்குக் கார்னிஷ் எஞ்சினை முதலில் கொண்டுபோனவர் தாமஸ் விக்ஸ்டீட். 1830களின் இறுதியில் ஓல்டு ஃபோர்டில் அவர் நிறுவியது புது எஞ்சின் அல்ல. கார்ன்வாலில் ஒரு வெள்ளிச் சுரங்கத்தில் ஓடிய ஹார்வி எஞ்சின், செகண்ட் ஹேண்டாக வந்தது. பழைய சரக்கு இவ்வளவு நன்றாக ஓடுகிறதே என்று லண்டன் வியந்தது. ஆர்டர்கள் குவிந்தன. க்யூ பிரிட்ஜ் நீரேற்று நிலையத்தில் 1846இன் 90 அங்குல எஞ்சின் காப்பர்ஹவுஸ் செய்தது, அதன் பக்கத்திலேயே 1869இன் 100 அங்குல எஞ்சின் ஹார்வி செய்தது. வழக்காடிய இரு வீடுகளின் சரக்கு ஒரே கூரையின்கீழ் லண்டனுக்குத் தண்ணீர் இறைத்தது. இப்போதும் அங்கே போய்ப் பார்க்கலாம்.

ஆனால் 1866இல் லண்டனில் ஓவரெண்ட் கர்னி வங்கி விழுந்தது. அதே காலத்தில் சிலியிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்த செம்பு விலையை உடைத்தது. கார்ன்வால் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. வெள்ளீயத்தை நம்பியவர்களை ஆஸ்திரேலியாவும் மலாயாவும் பிறகு முடித்தன. தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் உலகெங்கும் போனார்கள். சிலர் கோலார் தங்கவயலுக்கும் வந்தார்கள். வடாற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன நம் ஆட்கள் அங்கே குழிக்குள் இறங்கியபோது மேலாளராய் நின்றவர்களில் கார்ன்வால்காரர்கள் இருந்தார்கள்.

மூடிய ஒவ்வொரு சுரங்கமும் ஹார்விக்கு ஒரு வாடிக்கையாளர் இழப்பு மட்டுமல்ல, ஒரு புதுப் போட்டியாளரும்கூட. ஏனெனில் அங்கிருந்து ஒரு நல்ல எஞ்சின் ஏலத்துக்கு வந்தது. மிச்சமிருந்த சுரங்கக்காரர் எதற்குப் புதுசு வாங்குவார்? ஒரு சான்று போதும். 1854இல் காப்பர்ஹவுஸ் வார்த்த 80 அங்குல எஞ்சின் ஒன்று மூன்று சுரங்கங்களில் மாறி மாறி ஓடியது, 1903இல் நாலாவதாக சவுத் க்ராஃப்டிக்கு வந்தது, அங்கே 1955 மே 1 வரை இறைத்தது. அதைச் செய்த கம்பெனி 1860களின் இறுதியிலேயே கதவைச் சாத்திவிட்டது! அவர்கள் சங்கிலிகூட அப்படித்தான். லண்டன் ஹங்கர்ஃபோர்டு பாலத்துக்குச் செய்தவை அங்கிருந்து கழற்றப்பட்டு, கிளிஃப்டன் தொங்கு பாலத்தைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன.

ஹார்வி தப்பிக்கப் பார்த்த வழி கப்பல். கப்பல் கட்டும் கைப்பழக்கம் முன்பே இருந்தது. 1858இல் ஹெய்லில் கட்டிய ‘கார்னூபியா’ என்ற இரும்புச் சக்கரக் கப்பல் ஹெய்லுக்கும் பிரிஸ்டலுக்கும் இடையே பயணிகளை ஏற்றியது. வேகமான கப்பல். அமெரிக்க உள்நாட்டுப் போர் வந்ததும் தென்மாநிலத்தார் அதை வாங்கி, வடக்கின் கடல் முற்றுகையைத் தாண்டி ஆயுதம் கடத்தப் பயன்படுத்தினார்கள். 1863 நவம்பரில் வில்மிங்டன் அருகே வடக்கர் பிடித்து, அதே கப்பலைத் தங்கள் முற்றுகைப் படையில் சேர்த்துக்கொண்டார்கள். ஹெய்லில் முட்டையும் பயணிகளும் ஏற்றிய கப்பலுக்கு இப்படி ஒரு ஜாதகம்.

1880களில் சுரங்க ஆர்டர் வற்றியபோது கப்பல்துறையைப் பெரிதாக்கி இரும்பு நீராவிக் கப்பல்களைக் கட்டினார்கள். 1890களின் தொடக்கத்தில் கட்டிய ‘ராம்லே’தான் ஹெய்லில் இறங்கியவற்றில் மிகப் பெரியது. திறமைக்குக் குறைவில்லை. இடம்தான் ஒத்துழைக்கவில்லை. க்ளைடிலும் டைனிலும் கப்பல் கட்டுகிறவனுக்கு இரும்புத் தகடும் நிலக்கரியும் பக்கத்திலேயே கிடைத்தன, ஆழமான ஆறும் இருந்தது. ஹெய்லுக்கு எல்லாம் கப்பலில் வரவேண்டும், கட்டி முடித்த கப்பலோ ஓதம் பார்த்து மணல்மேட்டைத் தாண்டவேண்டும். ஒரு நூற்றாண்டு அவர்களை வளர்த்த கழிமுகம் பெரிய கப்பலுக்குப் போதவில்லை. 1893 வாக்கில் கப்பல்துறை நின்றது.

அதற்கு முந்திய ஆண்டு, 1892இல், கார்ன் ப்ரே சுரங்கத்துக்காக ஒரு 90 அங்குல எஞ்சின் செய்தார்கள். துலா மட்டும் 52 டன். அப்போதே மின்மோட்டாரும் மையவிலக்குப் பம்பும் வந்துகொண்டிருந்தன. ஹார்வி அந்தப் பக்கம் திரும்பவில்லை என்று வரலாற்றாசிரியர்கள் குறைசொல்வதுண்டு. எனக்கு அது முழு நியாயமாகப் படவில்லை. பன்னிரண்டடி சிலிண்டர் கடையும் எந்திரங்களும், அதற்கென்றே பழகிய கைகளும் வைத்திருப்பவன் சிறு மோட்டாருக்கு மாறுவது சொல்கிற அளவு எளிதல்ல. 1903இல் வார்ப்படச்சாலையை மூடினார்கள். அந்த 90 அங்குல எஞ்சினையோ, 1914இல் முதல் இடத்தில் அதன் ஓட்டம் நின்றபின், ஈஸ்ட் பூல் சுரங்கம் வாங்கி 1924இல் மறுபடி ஓட்டியது. ஹார்வியின் கடைசிப் பெரிய படைப்பும் பழைய சரக்காகவே இரண்டாம் வாழ்வு பெற்று 1954 வரை ஓடியது.

கம்பெனி அதோடு அழியவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஹென்றி ஹார்வி தன் ஆலைக்குத் துணையாகத் தொடங்கிய மரம், நிலக்கரி வணிகம் இருந்தது அல்லவா? அது நிலைத்தது. கட்டடச் சாமான்கள் விற்கும் கடைகளாக ‘ஹார்வி அண்ட் கோ’ என்ற பெயர் 1969 வரை நடந்து, பிறகு யுபிஎம் என்ற பெரிய கட்டடப்பொருள் நிறுவனத்தோடு இணைந்தது. எஞ்சின் செய்தது நூற்றி இருபத்து நாலு ஆண்டு. அதன்பின் எஞ்சினே இல்லாமல் மரமும் சிமெண்டும் விற்றது இன்னொரு அறுபத்தாறு ஆண்டு.